பிளேனரில் பிளேடு செட்டிங்: ஒரு மரச்சட்டமும் பென்சிலும் போதும்

புதிதாகப் பட்டறை போட்டவர்கள் பிளேனர், அதாவது மரம் இழைக்கிற மெஷின், வாங்கியதும் கொஞ்ச காலம் சந்தோஷமாக ஓட்டுவார்கள். முதல் தடவை பிளேடு மழுங்கும்போதுதான் வினை ஆரம்பிக்கும். சாணை பிடித்துக் கொண்டுவந்து மாட்டினால் பலகை வரிவரியாக வரும், கடைசி முனையில் குழி விழும், இரண்டு பலகையை ஒட்ட வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். உடனே மெஷின்மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் குறை மெஷினில் இருக்காது. பிளேடு உட்கார்ந்த விதத்தில்தான் இருக்கும்.

எங்கள் செங்கோட்டை, புளியரைப் பக்கம் இந்த வேலை அடிக்கடி வரும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து ஆரியங்காவு வழியாக வருகிற தேக்கில் இயற்கையிலேயே சிலிக்கா உண்டு. அது பிளேடு முனையைத் தேய்த்துவிடும். பலா, அயினி என்றால் பிசின் ஒட்டும். போதாததற்கு, பழைய வீட்டை இடித்து எடுத்த உத்திரத்தைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இதை ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுங்க" என்பார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது, பழைய மரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த மரத்துக்குள் எங்கே ஆணி ஒளிந்திருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. காந்தம் வைத்துத் தடவிப் பார்க்காமல் பழைய மரத்தை ஓட்டாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கீழே சொல்வது சர்ஃபேஸ் பிளேனருக்கு, அதாவது பலகையின் முகத்தை மட்டமாக்குகிற மெஷினுக்கு. மேலே சர்ஃபேஸ், கீழே ஒரே கனத்துக்கு இழைக்கிற திக்னஸ் என்று இரண்டும் சேர்ந்த மெஷினுக்கும் இதே முறைதான். நீங்கள் நின்று மரத்தை வைக்கிற பக்கத்தை முன்டேபிள் என்றும், மரம் போய்ச் சேர்கிற பக்கத்தைப் பின்டேபிள் என்றும் சொல்கிறேன்.

கரண்ட்

சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது. த்ரீ பேஸ் மெயினைக் கீழே இறக்கி, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் இன்னொரு ஆள் இருந்தால் இதில் சமரசமே வேண்டாம். பிளாக்கை, அதாவது பிளேடுகள் மாட்டியிருக்கிற உருளையை, கையால் சுற்றும்போது புல்லியைப் பிடித்துச் சுற்றுங்கள், பிளேடு பக்கம் கை போகக் கூடாது. போல்ட் முறுக்கும்போது பிளாக் திரும்பாமல் இருக்க ஒரு மர ஆப்பைச் செருகுங்கள். பிளேடைத் தூக்கும்போது தோல் கையுறை நல்லது. ஆனால் மெஷின் ஓடும்போது கையுறை கூடவே கூடாது, சுற்றுகிற பிளாக் அதைப் பிடித்துக் கையோடு உள்ளே இழுத்துவிடும்.

கழற்றுவதும் துடைப்பதும்

எல்லா பிளேடையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, சுத்தம் செய்து, புதியதை மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மற்ற பிளேடுகள் இறுகியபடி இருந்தால் பிளாக்கில் விசை ஒரே சீராக இருக்கும்.

பிளேடு உட்காரும் பள்ளத்தையும், அதை இறுக்குகிற ஆப்புப் பட்டையையும் மண்ணெண்ணெய் தொட்டு பிரஷால் தேயுங்கள். ஒரு துளி பிசினோ சிறு மரத்தூளோ அடியில் இருந்தால் மேலே செய்கிற அளவெல்லாம் வீண். போல்ட் மரை தேய்ந்திருந்தால் அதை அப்போதே மாற்றிவிடுங்கள். நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிற இடத்தில் ஒரு போல்ட் கழன்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிளேடுகளை எப்போதும் செட்டாகவே சாணைக்குக் கொடுங்கள். ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்தால் எடை மாறும், பிளாக் அதிரும். மாட்டும்போது தட்டையான முகம் சுற்றுகிற திசையைப் பார்க்க வேண்டும், சரிவாகச் சாணை பிடித்த முகம் பின்னால் வர வேண்டும். புதியவர்கள் இதைத் திருப்பி மாட்டுவது உண்டு.

அளவு பார்ப்பது

இதுதான் மொத்த வேலையின் உயிர். பிளேடை எதற்கு மட்டமாக வைக்க வேண்டும்? பிளாக்குக்கு அல்ல, பின்டேபிளுக்கு. இழைத்த மரம் போய்ப் படுப்பது அந்த டேபிளில்தான். பிளேடு முனை சுற்றும்போது தொடுகிற உச்சியும் பின்டேபிளின் மேற்பரப்பும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், பிளேடு ஒரு மயிரிழை உயரமாக. அதனால் பின்டேபிளே பிளாக்குக்கு இணையாக இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். டேபிள் மேல் நேர்பட்டையை நீட்டி வைத்து, பட்டைக்கும் பிளாக் உடம்புக்கும் உள்ள இடைவெளியை இரண்டு ஓரத்திலும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஓரத்துக்கு ஓரம் வித்தியாசம் இருந்தால் முதலில் டேபிளைச் சரிசெய்ய வேண்டும், பிளேடு அப்புறம்.

டயல் கேஜ், அதாவது நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளில் காட்டுகிற கருவி, இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒன்றரை அடி நீளத்தில், நன்றாகக் காய்ந்த, நேராக இழைத்த ஒரு மரச்சட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். குற்றாலச் சாரல் அடிக்கிற மாதங்களில் சட்டம் ஈரம் குடித்து வளையும், அதனால் பழைய காய்ந்த தேக்கு நல்லது.

முன்டேபிளை நன்றாக இறக்கிவிடுங்கள். பிளேடைப் பள்ளத்தில் வைத்து, போல்ட்களைக் கையால் லேசாகப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். சட்டத்தைப் பின்டேபிளில் படுக்க வைத்து, பிளாக்குக்கு மேல் வரை நீட்டுங்கள். டேபிளின் விளிம்பு வருகிற இடத்தில் சட்டத்தின் பக்கவாட்டில் பென்சில் கோடு போடுங்கள். இப்போது புல்லியை மெஷின் ஓடுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பிளேடு சட்டத்தைத் தொட்டு, கொஞ்ச தூரம் உங்கள் பக்கமாக இழுத்துவிட்டுப் போகும். நின்ற இடத்தில் அதே விளிம்பில் மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையே ஒரு நூல், அதாவது சுமார் 3 மி.மீ. இருந்தால் சரி.

இவ்வளவு எளிய சட்டம் எப்படி நுட்பமாக அளக்கிறது என்று சந்தேகம் வரும். பிளேடு வட்டத்தில் சுற்றுவதால், உயரத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் இழுக்கிற தூரத்தில் அது பெரிதாகத் தெரியும். பிளேடு முனையின் வட்டம் சுமார் 100 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நூல் இழுத்தால் பிளேடு டேபிளைவிட 0.025 மி.மீ.தான் உயரம். இரண்டு நூல் இழுத்தால் 0.1 மி.மீ. உயரம். கண்ணால் பார்க்க முடியாததைப் பென்சில் கோடு காட்டிவிடுகிறது. சட்டம் அசையவே இல்லை என்றால் பிளேடு டேபிளுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறது.

பிளேடை ஏற்றி இறக்குவது மெஷினைப் பொறுத்தது. சிலவற்றில் அடியில் ஸ்பிரிங் இருக்கும், அதில் மரக்கட்டையால் அழுத்தி இறக்க வேண்டும். சிலவற்றில் பிளேடை அடியிலிருந்து தூக்குகிற ஜாக் ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் ஏறும். புதியவர்களுக்கு இரண்டாவது வசதி.

இடது ஓரம், வலது ஓரம், நடு என்று மூன்று இடத்திலும் அளந்து பாருங்கள். எல்லா பிளேடும், எல்லா இடத்திலும் ஒரே தூரம் இழுப்பதுதான் முக்கியம். எல்லாமே ஒன்றரை நூல் இழுத்தாலும் கவலை இல்லை, பின்டேபிளை ஏற்றி இறக்க முடிகிற மெஷினில் கடைசியாக டேபிளைக் கொஞ்சம் ஏற்றினால் எல்லாம் சேர்ந்து சரியாகிவிடும். ஒன்று ஒரு நூலும் இன்னொன்று இரண்டு நூலும் இழுத்தால்தான் வம்பு, அப்போது உயரமாக நிற்கிற பிளேடு மட்டும் வேலை செய்யும், மற்றவை சும்மா சுற்றும்.

முறுக்குவது

அளவு சரியாக வந்த பிறகு போல்ட்டை இறுக்கும்போது பிளேடு நகர்ந்துவிடும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு போல்ட்டையே ஒரேயடியாக இறுக்காதீர்கள். நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறிப் போங்கள், மூன்று சுற்றாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு சட்டத்தை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். மாறியிருந்தால் தளர்த்தித் திரும்பச் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது. ஸ்பானருக்குப் பைப் மாட்டி நீட்டி முறுக்காதீர்கள், மரை போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் பிளாக்கைக் கையால் முழுச் சுற்றாகச் சில தடவை சுற்றி, டேபிள் விளிம்பிலோ வேறெதிலோ தட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்பானர், ஆப்பு எல்லாவற்றையும் மேலிருந்து எடுங்கள். பிளேடை மூடுகிற பாதுகாப்புக் கார்டை மாட்டுங்கள். ஃபியூஸ் போட்டு, பிளாக்குக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஓடவிடுங்கள். கொஞ்ச நேரம் ஓட்டிய பிறகு மறுபடி மெயினை இறக்கி போல்ட்களை ஒரு தடவை சோதியுங்கள்.

மரத்தைப் பார்த்துத் திருத்துவது

ஒரு பலகையை ஓட்டுங்கள். கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் குழி விழுந்தால் பின்டேபிள் தாழ்வாக இருக்கிறது, மிகக் கொஞ்சமாக ஏற்றுங்கள். மரம் பின்டேபிளின் விளிம்பில் முட்டி நின்றாலோ, போகப் போக வெட்டு மெலிந்தாலோ டேபிள் உயரம், இறக்குங்கள். அகலத்தில் ஒரு ஓரம் மட்டும் ஆழமாக வெட்டினால் அந்த ஓரத்தில் பிளேடு ஏறியிருக்கிறது.

பலகை நீளத்துக்கும் மெல்லிய மேடு ஓடினால் பிளேடில் பொளிந்திருக்கிறது, அந்த ஆணியின் வேலையாக இருக்கும். இதற்காக உடனே சாணைக்கு ஓட வேண்டாம். ஒரு பிளேடின் போல்ட்களைத் தளர்த்தி, பக்கவாட்டில் ஒரு மி.மீ. தள்ளி மாட்டுங்கள். ஒரு பிளேடு விட்ட இடத்தை அடுத்தது வெட்டிவிடும், மேடு மறைந்துவிடும். நகர்த்தியபிறகு உயரத்தைச் சட்டம் வைத்து மறுபடி அளக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.