சின்ன சிஎன்சி மில்: வாங்கும் முன் பீன்யாவுக்கு ஒரு நடை

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில், அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் எனக்கு வேலை என்று தெரிந்தால் போதும், ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருப் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள். "அண்ணா, ஆன்லைன்ல 3018 மெஷின் இருபதாயிரத்துக்குப் பக்கத்துல வருது. வாங்கிடலாமா?" 3018 என்பது கம்ப்யூட்டர் சொல்படி கட்டரை ஓட்டிச் செதுக்கும் சின்ன சிஎன்சி மில், வெட்டும் பரப்பு 30க்கு 18 செ.மீ. ஆறு மாதத்தில் உனக்குத் தேவைப்பட்ட பார்ட் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாடா என்பேன். என்ன மெட்டீரியல், என்ன அளவு, எத்தனை பீஸ், எவ்வளவு துல்லியம். பாதிப் பேர் அந்தத் தாளோடு திரும்பி வருவதில்லை. அவர்கள் பணம் மிச்சம்.

வருகிறவர்களின் தாளிலும் முதலில் அடிக்க வேண்டியதை அடித்துவிடலாம். தட்டையான தகட்டில் ஓட்டை மட்டும் என்றால் லேசர் கட்டிங். உருண்டையாக இருந்தால் பீஸைச் சுழற்றிக் கடையும் லேத். பெட்டி, மூடி, சும்மா தாங்கி நிற்கும் பிராக்கெட் எல்லாம் 3டி பிரிண்டரில் ஆகிவிடும். பள்ளம், ஸ்லாட், சமமான முகம், சரியான இடத்தில் சரியான ஓட்டை, இதெல்லாம் ஒரே பீஸில் வேண்டும் என்பதுதான் மில்லுக்கான வேலை.

அதையும் வெளியே கொடுத்து வாங்க முடியுமா என்று பாருங்கள். 1953இல் ஜாலஹள்ளியில் மெஷின் செய்யும் அரசு நிறுவனமான எச்எம்டி வந்த காலத்திலிருந்தே இந்த ஊர்க்காரர்களுக்கு மெஷின் பழக்கம். பீன்யாவிலும் காமாட்சிபாளையத்திலும் விஎம்சி என்ற பெரிய சிஎன்சி மில் ஒன்றோ இரண்டோ வைத்து, அடுத்தவர் பார்ட்டைக் கூலிக்குச் செய்து தரும் ஜாப் வொர்க்காரர்கள் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். ஐம்பது பீஸ் என்றால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள். ஒற்றைப் பீஸ் என்றால் முகம் மாறும். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு பீஸானாலும் புரோகிராம், செட்டிங் இரண்டும் முழுசாகச் செய்தாக வேண்டும், அதற்குக் காசு கேட்கத்தான் செய்வார்கள். மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கடி. ஆயுத பூஜை வாரத்தில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே டிராயிங் முடிவாகிவிட்ட பார்ட்டை வெளியே கொடுங்கள். ஒரே பார்ட்டை வாரத்துக்கு மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறவர் என்றால் மெஷின் வாங்கலாம். வீட்டு மில் மிச்சப்படுத்துவது காத்திருப்பைத்தான். காசு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் வரும்.

எந்த மெஷின்? இங்கேதான் எல்லோரும் ஆர்பிஎம்மை, அதாவது கட்டர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, பார்க்கிறார்கள். நான் எடையைப் பார்ப்பேன். கட்டர் உலோகத்தைத் தள்ளும்போது உலோகமும் கட்டரைத் திருப்பித் தள்ளும். ஃபிரேம் லேசாக இருந்தால் வளையும், அதிரும், முகத்தில் மீன் செதில் மாதிரி வரி விழும். 3018 மரம், அக்ரிலிக், பிசிபி எனும் சர்க்யூட் போர்டு ஆகியவற்றுக்குச் சரி. அலுமினியத்தைச் சுரண்டத்தான் முடியும். கனமான ஃபிரேமும், அச்சைத் தளர்வில்லாமல் நகர்த்தும் பால் ஸ்க்ரூவும் உள்ள 6040 (60க்கு 40 செ.மீ.) மாதிரி மெஷின் அலுமினியத்தில் ஒழுங்காகவே ஓடும். இரும்பு வேறு கதை. 6 மி.மீ. கார்பைடு எண்ட் மில் என்ற கட்டரை அலுமினியத்தில் 10,000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் வெட்டு வேகம், அதாவது கட்டர் விளிம்பு ஓடும் வேகம், நிமிடத்துக்கு 188 மீட்டர், அது சுகமான வேகம். மைல்ட் ஸ்டீலுக்கு 80 மீட்டர் என்று வைத்தால் 4,200 ஆர்பிஎம்முக்கு இறங்க வேண்டும். 24,000 வரை சுற்றும் ரூட்டர் ஸ்பிண்டிலுக்கு (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) அவ்வளவு கீழே தம் இருக்காது. இரும்புதான் உங்கள் வேலை என்றால் வார்ப்பிரும்பு உடம்புள்ள பெஞ்ச் மில்லைத் தேடுங்கள், அல்லது பீன்யாவுக்கே போங்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் அளவையும் அப்படியே நம்ப வேண்டாம். 3018இல் மேலும் கீழும் போக 45 மி.மீ.தான். அதில் பீஸைப் பிடிக்கும் வைஸின் உயரம், கட்டர் வெளியே நீட்டும் நீளம், பீஸின் கனம் மூன்றையும் கழித்தால் மிச்சம் என்ன? பல நேரம் ஒன்றும் இருக்காது. பீஸைக் கிளாம்ப் போட்டு நேராக மெஷினின் மேசையான பெட்டின் மேலேயே கட்ட வேண்டியதுதான்.

மெஷின் விலையோடு செலவு முடியாது. வைஸ், கட்டரைப் பிடிக்கும் கொல்லெட், எண்ட் மில், நுண்ணிய அசைவைக் காட்டும் டயல், அதை நிறுத்தும் மேக்னெட் ஸ்டாண்டு என்று மெஷின் விலையில் பாதியாவது தனியாக ஒதுக்குங்கள். பழக்கமில்லாத கையில் முதல் மாதம் கட்டர் உடையும், அதையும் சேர்த்துத்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கஸ்டம்ஸும் ஜிஎஸ்டியும் தலையில் ஏறும்.

வீட்டு விஷயம். 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலுக்கு 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் கட்டாயம். ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியின் ஃபில்டர் கொஞ்சம் கரண்டை எர்த்துக்குக் கசியவிடும். அதனால், கசிவு கண்டால் கரண்டை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சில வீடுகளில் சும்மா சும்மா விழும். அதற்காக எர்த் ஒயரைக் கழற்றுகிறவர்கள் உண்டு. உயிரோடு விளையாடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சத்தமும் சின்னது அல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் அலுமினியம் கத்தினால் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டுவார்.

மெஷின் வருவதற்கு முன்பே பைசா செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். பார்ட்டை வரையும் சாஃப்ட்வேரான ஃப்ரீகேட் இலவசம். ஃபியூஷனும் சொந்த உபயோகத்துக்கு, சில கட்டுப்பாடுகளோடு, இலவசம். உங்கள் தாளில் உள்ள ஒரு பார்ட்டுக்கு, கட்டர் போகும் வழியான டூல்பாத் போட்டு சிமுலேஷன் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் மில் வைத்திருப்பவரின் நேரத்தில் பெரும்பங்கு இந்த நாற்காலியில்தான் போகும். இங்கேயே சலிப்பு வந்தால் மெஷின் வந்தாலும் துணி போட்டு மூடித்தான் வைப்பீர்கள்.

எல்லாம் தாண்டியும் ஆசை நிற்கிறதா? சரி, கடைக்கோ, பழைய மெஷினை விற்கிறவர் வீட்டுக்கோ போகும்போது ஒரு கோட்டுக்கு 0.01 மி.மீ. காட்டும் டயலும் மேக்னெட் ஸ்டாண்டும் பையில் இருக்கட்டும். அலுமினியப் பெட்டில் மேக்னெட் ஒட்டாது, ஒரு இரும்புத் தகட்டைக் கட்டி அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்துங்கள். டயல் முனை ஸ்பிண்டிலைத் தொடட்டும். கட்டை விரலால் ஸ்பிண்டிலை நன்றாக அழுத்துங்கள். முள் இரண்டு மூன்று கோடு அசைந்தால் நல்ல ஃபிரேம். பத்துப் பதினைந்து கோடு ஓடினால் அது மரத்துக்கு மட்டும்தான். அப்புறம் பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது ஸ்க்ரூவில் வரும் தளர்வு. எக்ஸ் அச்சை டயலை அழுத்தும் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி முள்ளைப் பூஜ்யத்தில் வையுங்கள். அதே பக்கம் இன்னும் 1 மி.மீ. போகச் சொல்லி, 1 மி.மீ. திரும்பி வரச் சொல்லுங்கள். முள் பூஜ்யத்துக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறதோ அவ்வளவும் பேக்லாஷ். ஒய்யிலும் இதையே செய்யுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் போனால், நட்டை இறுக்கிக் காட்டச் சொல்லி மறுபடி டயல் வையுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் விலை பேசாமல் கிளம்பலாம்.