1969 கமாரோவை ஆலையிலிருந்து வந்த நிலைக்கே மீட்டெடுக்கும் முறை

அமெரிக்க மஸில் கார்களில் (வலுவான பெரிய எஞ்சின் கொண்ட வேகக் கார்கள்) முதன்முதலாகக் கை வைக்க விரும்புபவருக்கு 1969-ஆம் ஆண்டு செவ்ரலே கமாரோ நல்ல தேர்வு. கதவு, மட்கார்டு முதல் முழு உடற்கூடு வரை எல்லாமே இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஆனால் அந்த வசதியிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டினால் பளபளக்கும் ஒரு கமாரோ கையில் இருக்கும். 1969-இல் ஆலைக் கதவைத் தாண்டி வந்த வண்டி இருக்காது. ஆகவே, வண்டியில் எஞ்சியிருக்கும் தடயங்களை அழிக்காமல் வேலை செய்வதையே முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.

படி 1: எண்களைப் படித்தல்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டார்ச் விளக்கை எடுங்கள். முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி டாஷ்போர்டின் இடப்பக்கத்தில் 13 இலக்க வண்டி எண் பதிக்கப்பட்டிருக்கும். அது 124379 என்று தொடங்கினால் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினுடன் வந்த கூபே (கூரை நிலையான இரு கதவுக் கார்). 123 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர் வண்டி. அடுத்துள்ள எழுத்து ‘என்’ ஆக இருந்தால் ஒஹையோவின் நார்வுட் ஆலை, ‘எல்’ ஆக இருந்தால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலை. எஸ்எஸ், இசட்28 போன்ற விலை உயர்ந்த தொகுப்புகளை இந்த எண் காட்டாது. சாதாரணக் கமாரோவுக்குச் சின்னங்களை ஒட்டி இசட்28 என்று விற்பவர்கள் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறார்கள்.

அதனால் எஞ்சினையும் பார்க்க வேண்டும். வி8 எஞ்சின் பிளாக்கின் முன்புறம், வலது சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சிறிய சமதளம் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் மட்டும் துடைத்தால் எஞ்சின் ஆலை, தேதி, வகை ஆகியவற்றின் குறியீடு தெரியும். அசல் இசட்28-இன் 302 கனஅங்குல எஞ்சினானால் அது ‘டிஇசட்’ என்று முடியும். வண்டி எண்ணின் ஒரு பகுதியும் அங்கோ, ஆயில் ஃபில்டருக்கு அருகிலோ பொறிக்கப்பட்டிருக்கும். ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் இடையிலான தடுப்பு) உள்ள சிறு தகட்டில் ‘04பி’ என்றிருந்தால் உடற்கூடு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உருவானது என்று பொருள். பிளாக்கின் வார்ப்புத் தேதி அதற்கு முந்தியதாக இருந்தாக வேண்டும். பெட்ரோல் டேங்கின் மேற்புறத்திலும் பின்னிருக்கை ஸ்பிரிங்குகளுக்குள்ளும் ஆலைத் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற உற்பத்தித் தாள் (அந்த வண்டிக்கு உரிய பாகங்களைக் குறித்த தாள்) சில வண்டிகளில் இன்னும் கிடைக்கிறது. மக்கிய காகிதமாகத் தோன்றினாலும் எறிந்துவிடாதீர்கள்.

படி 2: பிரித்தல்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்பும் பின்பும் படம் எடுங்கள். போல்ட், வாஷர், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) ஆகியவற்றை இடம் எழுதிய தனிப் பைகளில் போடுங்கள். மட்கார்டுகளுக்கு அடியில் உள்ள ஷிம்கள் எத்தனை, எந்தப் பக்கம் என்பதைக் குறிக்காமல் விட்டால், பிற்பாடு கதவு இடைவெளியைச் சரிசெய்யப் பல நாட்கள் போகும். ஃபயர்வாலிலும் அச்சிலும் சாக்கட்டிக் கோடுகளோ பெயின்ட் அடையாளங்களோ தென்பட்டால் கழுவுவதற்கு முன்பே படம் எடுத்து, நிறத்தையும் இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மில் உள்ள தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். முன்புறக் காயில் ஸ்பிரிங்கை அதற்குரிய கருவி இல்லாமல் அவிழ்க்கவே கூடாது.

படி 3: துருவும் தகடும்

பின் மட்கார்டுகளின் அடிப்பகுதியிலும் டிரங்கின் ஓரங்களிலும் உள்ள துரு கண்ணுக்குத் தெரியும். முன்கண்ணாடிக்குக் கீழே காற்றுத் துளைகள் கொண்ட தகட்டுக்குள் ஒளிந்திருப்பதுதான் செலவு வைக்கும். அதற்குள் விழும் இலைச்சருகு மக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும். கார்ப்பெட்டை அகற்றிவிட்டு அத்துளைகளில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன் மட்கார்டுகளுக்குப் பின்னால் இருபுறமும் அது வடிந்தால் நல்லது. வண்டிக்குள் தரையில் சொட்டினால் அந்தத் தகட்டைப் பிரித்தே ஆக வேண்டும்.

கமாரோவின் முன்பாதி மட்டுமே போல்ட்டால் பூட்டிய தனி இரும்புச் சட்டமான சப்ஃபிரேமில் நிற்கிறது. மற்றதெல்லாம் உடற்கூட்டின் பலம். எனவே தரைத்தகட்டை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கூட்டைத் தாங்க வைக்க வேண்டும். புதுத் தகட்டை முதலில் கிளாம்பில் நிறுத்தி, கதவையும் டிரங்க் மூடியையும் பூட்டி இடைவெளியைச் சரிபார்த்த பிறகே வெல்டிங் செய்யுங்கள். அகன்ற தகடுகளை மணல் வீச்சுக்குக் கொடுக்காதீர்கள். அவை நெளிந்துவிடும்.

படி 4: எஞ்சின்

பிளாக்கைப் பட்டறைக்கு அனுப்பும்போது ஒன்றை எழுத்து மூலமாகவே சொல்லிவிடுங்கள்: எண் பொறித்த சமதளம் ஹெட் உட்காரும் பரப்போடு ஒரே மட்டத்தில் இருப்பதால், அப்பரப்பைச் சீவினால் எண்ணும் போய்விடும். போன எண்ணைத் திரும்பப் பொறித்தால் அது போலி. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால் அவற்றை மட்டும் தயங்காமல் புதிதாக மாற்றலாம்.

படி 5: பெயின்ட்

அன்று ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லாக்கர். இன்று வழக்கமாக அடிக்கப்படும், மேலே கிளியர் பூச்சு கொண்ட பெயின்ட் அதைவிட ஆழமாகப் பளபளக்கும். பார்க்க அழகுதான், அசல் அல்ல. லாக்கர் கிடைக்காத இடத்தில் கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சு அதற்கு நெருங்கி வரும். சப்ஃபிரேமுக்குப் பாதிப் பளபளப்புள்ள கறுப்பு போதும். அடித்தரையில் பிரைமரும், ஓரங்களில் தெறித்த உடல் நிறமும்தான் ஆலையின் கைவண்ணம். அங்கே கண்ணாடி போல மெருகேற்றுவதை மறுசீரமைப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

படி 6: பூட்டுதலும் முதல் ஓட்டமும்

பிரேக், வயரிங், உட்புறம் என்ற வரிசையில் பூட்டி வாருங்கள். வி8 எஞ்சினில் ஸ்பார்க் பிளக் வயர்களை 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் மாட்ட வேண்டும். முதல் சிலிண்டர் ஓட்டுநர் பக்கத்தில் முன்னால் இருப்பது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்துவதற்கு முன் அதன் துளை வழியாக டிரில்லால் ஆயில் பம்பைச் சுழற்றி, எண்ணெய் மேலே ஏறுவதை உறுதி செய்யுங்கள். புதுக் கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் துத்தநாகம் மிகுந்த எண்ணெய் ஊற்றி, எஞ்சின் உயிர்பெற்றவுடனேயே ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் ஏறத்தாழ 20 நிமிடம் ஓட்டுங்கள். இல்லையேல் கேமின் மூக்குகள் தேய்ந்துவிடும். பிறகு எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். முதல் சில நூறு மைல்களுக்குப் பின் சப்ஃபிரேம் போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.