குறும்பட மாலை நடத்தப் போகிறீர்களா? நான் செய்து தொலைத்த தவறுகள்

போன மாதம் சாலிகிராமத்தில் ஒரு சின்ன பிரிவ்யூ தியேட்டரில், கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து பரிசோதனைக் குறும்படங்கள் திரையிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பத்து வருடத்துக்கு முன் நான் அடித்த கூத்து அத்தனையும் வரிசை மாறாமல் நடந்தது. பென் டிரைவை மறப்பது, போஸ்டரில் தேதி தப்பாவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விடுங்கள்.

எல்லாப் படத்தையும் ஒரே ஃபைலாக ஒட்டுவது

இதை நினைத்தால் இன்னும் எரிகிறது. ஒன்பது படம், ஒன்பது ஃபைல் என்றால் நடுநடுவே திரையில் டெஸ்க்டாப் பல்லிளிக்கும், ஆபரேட்டர் அண்ணன் சலித்துக்கொள்வார். எடிட்டிங்கில் ஒரே டைம்லைனில் போட்டு ஒரே எக்ஸ்போர்ட் அடித்தால், பிளேயை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகலாம். நானும் போனேன். என் டைம்லைன் நொடிக்கு 25 ஃபிரேம். குறைகிற ஃபிரேமை அக்கம்பக்கத்து ஃபிரேம்களைக் கலந்து நிரப்பும்படி செட்டிங் வேறு.

அன்றைக்கு மதுரையிலிருந்து வந்த ஒரு பையனின் படம் இருந்தது. ஒரு ஃபிரேமில் சிக்குக் கோலத்தின் புள்ளிகள் மட்டும், அடுத்ததில் இழை மட்டும். மூன்று நிமிடமும் இதேதான். முழுக் கோலம் எந்த ஃபிரேமிலும் கிடையாது, பார்க்கிறவர் கண்ணுக்குள்தான் விழும். எடுத்தது நொடிக்கு 24 ஃபிரேம். அதை 25 ஆக்கியதும், ஒவ்வொரு நொடியின் நடுவிலும் புள்ளியும் இழையும் பாதிப் பாதி கலந்துவிட்டன. துடிப்பு அடங்கி, சாயம் போன கோலம் ஒன்று அப்படியே நிற்கும். மறுபடி துடிக்கும், மறுபடி அடங்கும். போதாக்குறைக்கு 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டதில் வளைவெல்லாம் கொழுக்கட்டை ஆகிவிட்டது.

கூட்டம் கைதட்டியது, அதுதான் கொடுமை. "நல்லா இருந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு அவன் கோயம்பேட்டுக்குக் கிளம்பினான். ராத்திரி வீட்டில் அவனுடைய ஃபைலைத் தனியாகப் போட்டுப் பார்த்தபோதுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது.

வழக்கமான படமென்றால் இந்தக் கலப்பு பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது. ஃபிரேம் ஃபிரேமாகச் செய்த படத்துக்கு ஒவ்வொரு ஃபிரேமும் கலக்காமல் தனித்து நிற்பதுதான் உயிர். எக்ஸ்போர்ட்டிலும் இதே தொல்லை. வீடியோவைச் சுருக்கும்போது முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் சேமித்துத்தான் இடம் மிச்சம் பிடிக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமும் புதிதாக இருந்தால் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக்கு ஒதுக்கும் டேட்டா அளவை, குறைவாக வைத்தால் திரை கட்டம் கட்டமாக உடையும்.

ஒவ்வொரு படமும் அதனதன் ஃபிரேம் ரேட்டில், அதனதன் வடிவத்தில் தனி ஃபைலாகவே இருக்கட்டும். பிளேலிஸ்ட்டில் நடுவே ஐந்து நொடிக் கறுப்பு வையுங்கள், டெஸ்க்டாப் தெரியாது. மத்தியானமே படம் எடுத்தவர்களை வரவழைத்து, அந்தத் திரையிலேயே போட்டுக் காட்டிவிடுங்கள். போன மாதமும் ஒரே ஃபைல்தான். கேட்டால், "ஈஸியா இருக்கும்னுதான் சார்" என்றார்கள்.

சத்தமில்லாத படம்

அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜ் எடுத்தவற்றில் பெரும்பாலானவை மௌனப் படங்கள்தான். இது ஆபரேட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இருபதாவது நொடியில் "சவுண்டு!" என்று ஒரு குரல் கிளம்பும். அவர் பதறி வயரைப் பிடுங்கிச் செருகுவார், ஸ்பீக்கர் 'கொர்ர்' என்று உறுமும். படத்தின் எண், நிமிடம், ஒலி உண்டா இல்லையா, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி ப்ரொஜெக்ஷன் அறைக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். அன்று மிக்சர் பொட்டலம் விற்க வேண்டாம்.

சிமிட்டும் படம்

வெளிச்சமும் இருட்டும் படபடவென மாறி மாறி வரும் படம், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். அமெரிக்கக் கலைஞர் டோனி கான்ராட் 1966-லேயே தன் 'தி ஃப்ளிக்கர்' படத்தின் தொடக்கத்தில் எச்சரிக்கை அட்டை வைத்துவிட்டார். நீங்கள் போஸ்டரிலேயே போடுங்கள். இருட்டில் உட்கார்ந்த பிறகு எழுந்து போவது கஷ்டம்.

டிசிபி டிஸ்க்

தியேட்டர் ப்ரொஜெக்டருக்கான டிஜிட்டல் பட வடிவம்தான் டிசிபி. அந்த டிஸ்க்கை விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கக்கூடும். வேண்டாம்.

சான்றிதழ்

டிக்கெட் விற்றுப் பொதுமக்களுக்குக் காட்டினால் 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி சென்சார் சான்றிதழ் தேவை. "குறும்படம்தானே" என்பது பதில் ஆகாது.

கேள்வி நேரம்

"இதுல மெசேஜ் என்ன?" என்று ஒருவர் எழுவார். மைக்கை அடுத்தவரிடம் கொடுங்கள்.