அப்டேட்டுக்குப் பிறகு ஜிபிஎஸ், நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா? தோட்டத்துத் திடலிலேயே சோதிக்கும் முறை

விளையாட்டுக் கடிகாரத்தில் புது மென்பொருள் ஏறிய மறுநாளே ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் புலம்பல் தொடங்கிவிடும்: "ஜிபிஎஸ் போச்சு", "நாடி சும்மா நிற்கும்போதே 170 காட்டுது". சில நேரம் அது உண்மைதான். ஆனால் அப்டேட் ஏதோ ஓர் அமைப்பைச் சத்தமில்லாமல் மாற்றி வைத்திருப்பதும், அன்றைக்கு ஓடிய பாதையோ நேரமோ வேறாக இருந்திருப்பதும்தான் அதிகம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அப்டேட்டுக்கு முன்பும் பின்பும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரே கையில் கட்டி ஓடிப் பார்க்க வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் இருப்பவருக்கு இதற்கு ரப்பர் ஓடுதளம் தேவையில்லை. பள்ளித் திடலும் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 50 மீட்டர் அளவு நாடாவும் போதும். நாடித்துடிப்பைச் சோதிக்க மட்டும் நெஞ்சில் கட்டி இதயத் துடிப்பை அளக்கும் ஒரு பட்டை (நெஞ்சுப் பட்டை) வேண்டும். இரவல் வாங்கினாலும் சரி.

படி 1: அப்டேட் ஏறும் முன்

முதலில் தானியங்கி அப்டேட்டை அணைத்து வையுங்கள். நிறுவனங்கள் புதிய பதிப்பை எல்லாருக்கும் ஒரே நாளில் தருவதில்லை, பகுதி பகுதியாகத்தான் விடுவார்கள். நண்பரின் கடிகாரத்துக்கு வந்துவிட்டதே என்று அவசரப்பட வேண்டாம். ஏறிவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பழைய பதிப்பில் ஓடிய பதிவு கையில் இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமே இல்லை.

அடுத்து, அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படம் எடுங்கள். மென்பொருள் பதிப்பு எண், செயற்கைக்கோள் முறை (ஜிபிஎஸ் மட்டும், எல்லா நாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பும், இரண்டு அலைவரிசையில் கேட்கும் மல்டிபேண்ட்), பதிவு இடைவெளி (ஒவ்வொரு வினாடியுமா, தேவைப்படும்போது மட்டும் பதியும் 'ஸ்மார்ட்'டா), தானாக நிறுத்தும் வசதி, எந்தக் கை, இணைத்துள்ள சென்சார்கள். சில கடிகாரங்களில் ஜிபிஎஸ் சில்லுக்கும் நாடி சென்சாருக்கும் தனித்தனிப் பதிப்பு எண் இருக்கும். 'பற்றி' என்ற பக்கத்தில் தேடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகும் அந்த எண்கள் மாறவில்லை என்றால், குறையை முதலில் அமைப்புகளில் தேடுவது நல்லது.

படி 2: பாதையை அளப்பது

தமிழ்ப்பள்ளித் திடலில் விளையாட்டுப் போட்டிக்காகப் போட்ட சுண்ணாம்புக் கோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி நாடாவைப் பிடித்து ஒரு சுற்றை அளந்துகொள்ளுங்கள். ஓடும்போதும் அந்தக் கோட்டை ஒட்டியே ஓட வேண்டும். ஈப்போ போன்ற ஊருக்குப் போய் 400 மீட்டர் தளத்தில் சோதிப்பதாக இருந்தால் முதல் தடத்தை விட்டு நகராதீர்கள். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர், இரண்டாம் தடம் சுற்றுக்கு ஏறக்குறைய 407 மீட்டர், மூன்றாவது 414.7. பத்துச் சுற்று இரண்டாம் தடத்தில் ஓடிவிட்டு, கடிகாரம் 70 மீட்டர் கூட்டிக் காட்டுகிறது என்று அதைக் குறை சொல்லக் கூடாது. 'டிராக் ரன்' முறையையும் பயன்படுத்தாதீர்கள். அது பாதையைத் தடத்தோடு ஒட்டவைத்துவிடும், பிழை இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது பாதை மரத்தடியில் இருக்க வேண்டும். முதிர்ந்த செம்பனையின் மட்டைகள் செம்மண் சாலைக்கு மேலே கூரை கட்டியது போல இருக்கும் இடத்தில் ஒரு கிலோமீட்டரை அளந்து, இரு முனையிலும் அடையாளம் வைத்து, போய்த் திரும்புங்கள். தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். குலை ஏற்றும் லோரி வரும் சாலையாக இருந்தால் அந்த நேரத்தைத் தவிருங்கள். மழை பெய்து மட்டை நனைந்திருக்கும் காலையில் சோதிக்க வேண்டாம். நீர் பிடித்த இலை சிக்னலை இன்னும் அதிகமாக விழுங்கும், உலர்ந்த நாளோடு அதை ஒப்பிட முடியாது.

படி 3: நேரம்

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்று பூமியைச் சுற்ற 11 மணி 58 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு சுற்று முடிந்தால் 23 மணி 56 நிமிடம். அதாவது இன்று காலை 8.00 மணிக்குத் தலைக்கு மேலே இருந்த அதே அமைப்பு நாளை 7.56-க்கு வரும், ஒரு வாரம் கழித்து 7.32-க்கு வரும். காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் ஓடி ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது மென்பொருளை அல்ல, இரண்டு வெவ்வேறு வானங்களை. ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ போன்ற பிற செயற்கைக்கோள் அமைப்புகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனாலும் ஒரே நேரத்தில் ஓடுவது ஓரளவு உதவும்.

மாலை ஏன் வேண்டாம் என்பதற்கு நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். பொழுது சாய்ந்ததிலிருந்து நள்ளிரவு வரை இங்கே வானத்தின் அயனி மண்டலம் (செயற்கைக்கோள் சிக்னல் கடந்து வரும், மின்னேற்றம் பெற்ற மேல் வளி அடுக்கு) கலங்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும் சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளிலும் இது கூடுதலாக இருக்கும். எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்), எல்5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) என இரண்டு அலைவரிசையையும் கேட்கும் மல்டிபேண்ட் கடிகாரம் இந்த மண்டலம் உண்டாக்கும் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழிக்க முடியும். ஒற்றை அலைவரிசைக் கடிகாரத்துக்கு அந்த வசதி இல்லை.

படி 4: அப்டேட் ஏறிய பின்

உடனே ஓடப் போகாதீர்கள். கடிகாரத்தை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்குங்கள். கைப்பேசியோடு சிங்க் செய்யுங்கள். செயற்கைக்கோள்கள் அடுத்த சில நாள்களுக்கு எங்கே இருக்கும் என்ற முன்கணிப்புக் கோப்பு அப்போதுதான் இறங்கும். பிறகு திறந்த வெளியில் 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். எடுத்து வைத்த படங்களோடு அமைப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். மல்டிபேண்ட் என்று இருந்தது பேட்டரி சேமிப்புக்காக 'தானியங்கி' ஆகியிருந்தால் அதை மாற்றிவிட்டு மேலே போங்கள்.

அந்த முன்கணிப்புக் கோப்பைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2021 ஜனவரி தொடக்கத்தில் ஒரே வகைச் சில்லைப் பயன்படுத்திய பல நிறுவனங்களின் கடிகாரங்கள் பாதையை இடம் தள்ளிப் பதிவுசெய்தன. காரணம் கோப்புதான், புதியது இறங்கியதும் சரியானது. 2025 ஜனவரி 28 அன்று கார்மின் கடிகாரங்கள் பல ஜிபிஎஸ் தேடத் தொடங்கியதும் திரையில் வரும் நீல முக்கோணத்திலேயே சிக்கி மீண்டும் மீண்டும் அணைந்து எரிந்தன. அதற்கும் இப்படி இறங்கிய ஒரு கோப்புதான் காரணம், அன்று ஏறிய மென்பொருள் அல்ல.

இனி ஓட்டம். திடலில் பத்துச் சுற்று, ஒவ்வொரு சுற்றும் ஒரே கூம்பின் அருகே 'லேப்' பொத்தான். ஜிபிஎஸ் தயார் என்று காட்டியதும் கிளம்பாமல் இன்னும் இரண்டு நிமிடம் நில்லுங்கள். அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது மூன்று முறை இதைச் செய்ய வேண்டும்.

மொத்தத் தூரத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். வளைவில் கடிகாரம் மூலையை வெட்டிக்கொண்டு போவதால் தூரம் குறையும். நேர்கோட்டில் புள்ளிகள் இடமும் வலமும் ஆடுவதால் தூரம் கூடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் மொத்தம் மட்டும் அழகாக 2.00 கிலோமீட்டர் என்று வரும், வரைபடத்திலோ கோடு வகுப்பறைக் கூரை மேலே ஓடும். அதனால் சுற்றுக்குச் சுற்று எவ்வளவு சிதறுகிறது என்று எழுதி வையுங்கள். 200 மீட்டர் சுற்று ஒன்று 196 முதல் 204 வரை முன்பும் ஆடியது, இப்போதும் ஆடுகிறது என்றால் எதுவும் மாறவில்லை. இப்போது 188 முதல் 209 வரை என்றால், அதுவும் மூன்று நாளும் அப்படியே என்றால், சந்தேகப்படலாம். கோட்டை வரைபடத்தில் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: செயற்கைக்கோள் படமே சில மீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருக்கக்கூடும். பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், படத்தோடு அல்ல.

படி 5: நாடித்துடிப்பு

மணிக்கட்டில் பச்சை ஒளி தோலுக்குள் போய்த் திரும்புகிறது. ரத்தம் கூடும்போது ஒளி குறைந்து திரும்பும். கை வீசும் ஆட்டமும் அதே அலையில் கலந்துவிடும். அதை முடுக்கமானியின் (அசைவை அளக்கும் சென்சார்) துணையோடு கழிப்பது மென்பொருளின் வேலை. அதனால்தான் சென்சார் பழையதாகவே இருந்தாலும் அப்டேட்டுக்குப் பிறகு அளவீடு நிஜமாகவே மாற முடியும்.

கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். நம் வெக்கையில் பத்து நிமிடத்தில் வியர்வை வழுக்கும். ஓட்டத்துக்கு ஒரு துளை கூடுதலாக இறுக்குவது நல்லது. சன்ஸ்கிரீன் படலம் ஒட்டிய கண்ணாடியைத் துடையுங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் மதிப்புரைகளில் வரும் 'தோல் குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்தது' என்ற காரணம் இங்கே செல்லாது.

நெஞ்சுப் பட்டையின் மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். உலர்ந்திருந்தால் முதல் சில நிமிடங்கள் அதுவே உளறும். பட்டையைச் சோதிக்கும் கடிகாரத்தோடு இணைக்கக் கூடாது என்பது மிக முக்கியம். இணைத்தால் கடிகாரம் மணிக்கட்டுச் சென்சாரை விட்டுவிட்டுப் பட்டையின் எண்ணையே காட்டும், இரண்டும் அச்சாக ஒத்துப்போகும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். பட்டையைக் கைப்பேசிச் செயலியில் தனியாகப் பதிவுசெய்யுங்கள்; கடிகாரத்தின் சென்சார் பட்டியலிலிருந்து அதை நீக்குங்கள்.

பத்து நிமிடம் மெதுவோட்டம். பிறகு 3 நிமிடம் வேகம், 2 நிமிடம் நடை, இப்படி நான்கு முறை. இரண்டு கோட்டையும் ஒப்பிடும்போது வேகத்தின் தொடக்கத்தில் மணிக்கட்டு சில வினாடிகள் பின்தங்குவது இயல்பு. வேகத்தின் கடைசி நிமிடத்தில் 5 துடிப்புக்குள் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடிகாரம் 168-இல் அசையாமல் நிற்கிறது, அடி எண்ணிக்கையும் நிமிடத்துக்கு 168 என்றால் அது உங்கள் இதயம் அல்ல, கால். சந்தேகம் இருந்தால் சட்டென்று நில்லுங்கள். நிஜ நாடி படிப்படியாக இறங்கும். காலைப் பிடித்துக்கொண்ட எண் சில வினாடிகளில் சரிந்து விழும்.

படி 6: குறை உறுதியானால்

எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவது கடைசி வழி. நடை நீள அளவீடும் அதோடு போய்விடலாம். அதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதுங்கள். மாடல், பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண், ஓடிய இடம், நேரம், முன்னும் பின்னும் மூன்று மூன்று ஃபிட் கோப்புகள் (கடிகாரம் எழுதும் அசல் பதிவு), பட்டையின் பதிவு. ஓட்டங்களைச் சேமிக்கும் ஸ்ட்ராவா செயலியிலிருந்து இறக்குவதானால் பாதைப் புள்ளிகளைத் தரும் 'ஜிபிஎக்ஸ்' வேண்டாம், 'அசல் கோப்பு' என்பதையே தேர்ந்தெடுங்கள். ஜிபிஎக்ஸ் கோப்பில் கடிகாரத்தின் பதிப்பு விவரம் முழுதாக வராது, அவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.