ஸ்டுடியோ கம்ப்யூட்டரிலிருந்து பென்டிரைவுக்குப் படம் போகாமல் தடுப்பது எப்படி?

ஈஸ்டர் கழிந்தால் சர்ச் கல்யாணங்கள், ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள். மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கம் ஸ்டுடியோ நடத்துகிறவர்களின் கம்ப்யூட்டரில் ஊரார் வீட்டுப் படங்கள் மலையாகக் கிடக்கும். வேலையை விட்டுப் போகிற பையன் ஆல்பம் டிசைன் ஃபைல்களை மொத்தமாகப் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போனால் உழைப்பும் போச்சு, பெண் வீட்டார் முகத்தில் முழிக்கவும் முடியாது.

இதற்கு எல்லோரும் சட்டென்று சொல்லும் வழி, விண்டோஸின் உள் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் யூஎஸ்பிஸ்டார் என்ற இடத்துக்குப் போய் ஸ்டார்ட் மதிப்பை 3-லிருந்து 4 ஆக்குவது. பென்டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே செய்யாது. ஆனால் நம்ம தொழிலுக்கு அது சரிப்படாது. கேமரா கார்டைப் போடுகிற யூஎஸ்பி கார்டு ரீடரும் பெரும்பாலும் அதே டிரைவரில்தான் (சாதனத்தை இயக்கும் புரோகிராம்) ஓடுகிறது. "அண்ணே, இந்தப் பென்டிரைவுல இருக்க படத்தைப் பிரின்ட் போட்டுத் தாங்க" என்று வருகிறவரையும் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிடும். நமக்கு வேண்டியது படம் உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது. அதாவது எழுதுவதை மட்டும் தடுக்க வேண்டும்.

படி 1: உங்கள் விண்டோஸ் எது?

விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் வின்வெர் (winver) என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் விண்டோஸின் ஹோம் பதிப்பா, புரோ பதிப்பா என்று தெரியும். படி 3 அதைப் பொறுத்தது.

படி 2: அட்மின் கணக்கு உங்கள் கையில்

இதைச் செய்யாமல் மற்றதைச் செய்வதில் பிரயோஜனமே இல்லை, கேட்டியளா. பல கடைகளில் முதலாளியும் வேலையாளும் ஒரே கணக்கில், பாஸ்வேர்டே இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் போடும் பூட்டை அவர்களே இரண்டு கிளிக்கில் கழற்றிவிடலாம். முதலில், செட்டிங்ஸை மாற்றும் அதிகாரம் உள்ள உங்கள் அட்மின் கணக்குக்குப் பாஸ்வேர்டு போடுங்கள். பிறகு செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் வேலையாளுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, அதன் வகை ஸ்டாண்டர்டு யூசர் என்று இருக்கிறதா பாருங்கள்.

படி 3: பூட்டு

புரோ வைத்திருந்தால் அதே சின்னப் பெட்டியில் ஜிபிஎடிட் டாட் எம்எஸ்சி (gpedit.msc) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். கம்ப்யூட்டர் கன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், ரிமூவபிள் ஸ்டோரேஜ் அக்சஸ் என்று வரிசையாகத் திறந்தால் வலப்பக்கம் ஒரு பட்டியல் வரும். அதில் "ரிமூவபிள் டிஸ்க்ஸ்: டினை ரைட் அக்சஸ்" என்பதை இருமுறை கிளிக் செய்து எனேபிள்டு கொடுங்கள். "டபிள்யூபிடி டிவைசஸ்: டினை ரைட் அக்சஸ்" என்பதற்கும் அப்படியே. இந்த இரண்டாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கேபிளில் செருகிய ஆண்ட்ராய்டு போன் பென்டிரைவ் கணக்கில் வராது. டபிள்யூபிடி என்ற கணக்கில்தான் வரும். பையில் இருக்கிற போனே 128 ஜிபி என்றால் பென்டிரைவ் எதற்கு? இதை எனேபிள் செய்தாலும் போன் சார்ஜ் ஏறுவது நிற்காது.

அதே பட்டியலில் "ரிமூவபிள் டிஸ்க்ஸ்: டினை எக்சிக்யூட் அக்சஸ்" இருக்கும். கண்ட பென்டிரைவும் வந்து செருகுகிற கடைக்கு அதையும் போடலாம். அதில் ஒட்டியிருக்கும் வைரஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. முடிந்ததும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஹோம் என்றால் இந்தப் பட்டியல் கிடையாது. அதே சின்னப் பெட்டியில் ரெஜ்எடிட் (regedit) என்று ஆங்கிலத்தில் அடித்து ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல் என்று போங்கள். கை வைக்கும் முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு காப்பு எடுத்துவிடுங்கள். கன்ட்ரோலுக்குக் கீழே ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ் (StorageDevicePolicies) என்ற பெயரில், இடைவெளி விடாமல், ஃபோல்டர் போன்ற புதிய கீ ஒன்றை உருவாக்கி, அதற்குள் ரைட்புரொடெக்ட் (WriteProtect) என்ற 32 பிட் டிவேர்டு (DWORD) மதிப்பு ஒன்றைப் போட்டு 1 என்று கொடுங்கள். இது பென்டிரைவைத் தடுக்கும், போனைத் தடுக்காது. வேலையாள் உட்காருகிற கம்ப்யூட்டருக்குப் புரோ வாங்கிவிடுவதே என் யோசனை.

படி 4: பயாஸ்

விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மேலே போட்ட எதுவும் அங்கே செல்லாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸுக்குள் போய் (அதற்கான பட்டன் எஃப்2, டெலிட், எஃப்10 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பென்டிரைவிலிருந்து ஆன் ஆகும் வசதியை (USB Boot) நிறுத்தி, பயாஸுக்கும் பாஸ்வேர்டு போடுங்கள். ஹார்டு டிஸ்க்கையே கழற்றிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் புரோவில் இருக்கும் பிட்லாக்கரையும் (டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) ஆன் செய்யலாம். அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

படி 5: சோதனை

வேலையாளின் கணக்கில் நுழைந்து பென்டிரைவ், போன், எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் மூன்றிலும் ஒரு படத்தை ஏற்றிப் பாருங்கள். மறுத்துவிட வேண்டும். கேமரா கார்டிலிருந்து படம் இறங்குகிறதா என்றும் பாருங்கள். கட் செய்து பேஸ்ட் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு மாற்றம் தெரியும்: படம் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், கார்டிலிருந்து அழியாது. நல்லதுதான். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்துகொள்ளலாம்.

வாட்ஸ்அப் வெப், கூகுள் டிரைவ், புளூடூத் இவற்றையெல்லாம் இந்தப் பூட்டு தொடாது. டிசைன் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் தேவையில்லை என்றால் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வேலைக்குச் சேரும்போதே பையனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது: அனுமதியில்லாமல் டேட்டாவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-வது பிரிவில் வருகிறது. மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பேக்கப் எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். பூட்டுப் போடாத உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்கை மாட்டுங்கள். டிசைன் கம்ப்யூட்டரின் ஆல்பம் ஃபோல்டரை உங்கள் பெயருக்கு மட்டும் ரீட் அனுமதியோடு ஷேர் செய்து, கடைக்குள் ஓடும் நெட்வொர்க் வழியாக இழுத்துக்கொள்ளுங்கள். பூட்டை எடுக்க வேண்டி வந்தால் புரோவில் நாட் கன்ஃபிகர்டு, ஹோமில் 1-ஐ 0 ஆக்கி ரீஸ்டார்ட்.