தாபரிப்பு நிலுவை: கணக்குத் தாள்தான் கைகொடுத்தது

மட்டக்களப்பு நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கட்டளை (மனைவி, பிள்ளைகளின் செலவுக்கு மாதாமாதம் காசு கொடுக்கச் சொல்லும் உத்தரவு) கிடைத்தபிறகும் காசு வராவிட்டால், 'பல மாதமாகத் தரவில்லை' என்று பொதுவாகச் சொல்லி வேலையில்லை. என் வழக்கு இழுபட்டதும் அதனால்தான்.

ஒரு தாளில் நாலு நிரல் கோடு போடுங்கள்: மாதம், வரவேண்டியது, வந்தது, மிச்சம். மாதம் 15,000 ரூபாய் கட்டளை, ஏழு மாதம் என்றால் 1,05,000. இடையில் 30,000 வந்திருந்தால் நிலுவை 75,000. வந்த காசை மறைக்கவே கூடாது. எதிராளி பற்றுச்சீட்டை நீட்டினால் உங்கள் மற்றக் கணக்கிலும் சந்தேகம் விழும். பாஸ்புக்கை முதல்நாளே வங்கியில் பதிந்து, கட்டளையின் பிரதியோடு கொண்டுபோங்கள்.

அடுத்த சிக்கல் விலாசம். ஆள் வீடு மாறியிருந்தால் அழைப்பாணை திரும்பிவரும், தவணை தள்ளிப்போகும். இப்போதைய வீடு, வேலைத்தலம் இரண்டையும் எழுதிக் கொடுங்கள். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் கழிக்கும் கட்டளையைக் கேளுங்கள், அதுதான் நிலையான வழி. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில் மறியலுக்கும் (சிறைக்கும்) இடமுண்டு. ஆனால் மறியலில் இருப்பவர் உழைத்துப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பார்?

முஸ்லிம் குடும்பங்கள் முதலில் காதி நீதிமன்றத்துக்கு (முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்) போகவேண்டும்.

இனிமேல் கையில் காசு வாங்காதீர்கள், வங்கியில் போடச் சொல்லுங்கள்.