பழைய காரின் சுவிட்சும் எச்சரிக்கை விளக்கும்: சோதிப்பது எப்படி?

ஹெட்லைட் மங்கினால் கை முதலில் போவது பல்பிடம்தான். நானும் இரண்டு ஜோடி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைக் கழற்றினேன்.

மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். வண்டியின் வோல்ட்டுக்கேற்ற 21 வாட் பிரேக் லைட் பல்பில் இரண்டு நீள வயர் இணைத்தால் டெஸ்ட் லேம்ப் தயார்.

1. வண்டியின் ஜாதகம்

6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது? 1960களின் நடுப்பகுதிவரை பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். மீட்டரில் மைனஸ் காட்டினால் பதற வேண்டாம். டெஸ்ட் லேம்புக்கு அந்த வேறுபாடே கிடையாது.

2. ஓம் சோதனை

பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்சின் வயர்களை எடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டு ஒட்டுங்கள். துணி சுற்றிய பழைய வயர்கள் நிறம் போய் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மீட்டரை ஓமில் வைத்து சுவிட்சின் இரு முனைகளிலும் தொடுங்கள். ஆன் செய்தால் 0 ஓமுக்குப் பக்கத்தில், ஆஃப் செய்தால் இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். பத்து முறை போட்டு அணையுங்கள். எண் தாவினால் உள்ளே கரி.

3. சுமையோடு சோதனை

ஓம் சோதனையில் தேறியது என்று சுவிட்சை நம்பிவிடாதீர்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். 6 வோல்ட் காரில் 36 வாட் ஹெட்லைட் இரண்டும் எரிய 12 ஆம்பியர் ஓட வேண்டும். சுவிட்சுக்குள் உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் தொடுமுனையில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே சுமார் 1 வோல்ட் சுவிட்சிலேயே கரைந்துவிடும். வெளிச்சமோ ஏறக்குறைய பாதியாகிவிடும்! இதே வாட் பல்பு 12 வோல்ட் காரில் என்றால் ஓடுவது பாதி ஆம்பியர்தான்; அங்கே பாதிப்பு குறைவு.

வயர்களையும் பேட்டரியையும் மாட்டி, விளக்கை எரியவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து சுவிட்சின் உள்வரும் முனையிலும் வெளிச்செல்லும் முனையிலும் தொடுங்கள். 0.1, 0.2 என்றால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் தொடுமுனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டியதுதான். சுவிட்ச் கையில் சுட்டாலும் அதே வைத்தியம்.

4. சார்ஜ் விளக்கு

பேட்டரி சார்ஜ் ஆகாதபோது எச்சரிக்கும் விளக்கு இது. இதன் ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்ச், மறுபக்கம் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ. டைனமோ சுழலாதபோது அதன் வழியே எர்த் கிடைத்து விளக்கு எரியும்; சுழன்று வோல்ட் ஏறியதும் இரு பக்கமும் சமமாகி அணையும்.

சாவி போட்டும் எரியவில்லையா? எஞ்சின் நின்றிருக்க, டைனமோவின் 'டி' முனை வயரைக் கழற்றி, டெஸ்ட் லேம்ப் வழியாக எர்த்தில் தொடுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பழுது டைனமோவில். அதற்குள் உரசி மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்ஷை முதலில் பாருங்கள். டெஸ்ட் லேம்பே பளிச்சென்று எரிந்தால் டைனமோவையும் பேட்டரியையும் இணைத்துத் துண்டிக்கும் ரிலேயான கட்-அவுட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். இரண்டுமே எரியாவிட்டால் எச்சரிக்கை விளக்கின் பல்பு அல்லது வயர்.

பிரிட்டிஷ் மின்பாக நிறுவனமான லூகாஸின் சில பழைய சார்ஜ் விளக்குகளில் 2.5 வோல்ட் பல்பும் அதனோடு ஒரு தடைக்கம்பியும் இருக்கும். அந்தப் பல்பை நேரடியாகப் பேட்டரியில் வைத்தால் அந்த நொடியே போச்சு.

5. ஆயில் விளக்கு

எஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு இது. எரியாவிட்டால், சாவியைப் போட்டு, எஞ்சினில் உள்ள ஆயில் அழுத்த சுவிட்சின் வயரைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள். எரிந்தால் சுவிட்ச்தான் பழுது. எஞ்சின் ஓடும்போதும் அணையாமல் எரிந்தால் கதையே வேறு: எஞ்சினை நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். சுவிட்ச் இருந்த துளையில் அழுத்தமானியை மாட்டி அளந்த பிறகே சுவிட்சைக் குறை சொல்லலாம்.